தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போவோமா?

இங்கிலாந்தில் முதுகலை படிக்கும் என் அத்தை மகள் போன ஏப்ரல் மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சில படங்களை அனுப்பியிருந்தார். மரங்களுக்கு அடியில் தரை தெரியாத அளவுக்கு நீலப் பூக்கள், நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை, கடைசிப் படத்தில் எண்ண முடியாத சன்னல்களோடு ஒரு மாளிகை. "வார இறுதியில் ஓர் எஸ்டேட்டுக்குப் போனோம். டிக்கெட் எடுத்து முழுக்கச் சுற்றிப் பார்த்தோம்" என்று கீழே எழுதியிருந்தார். அதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். பாட்டி கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "படிக்கப் போன புள்ள அங்க போயும் எஸ்டேட்டுக்கா போவுது? அதுக்குக் காசு வேற குடுக்குதா?"

எல்லாரும் சிரித்துவிட்டோம். ஆனால் பாட்டியின் கேள்வி நியாயமானது. எஸ்டேட் என்றால் அங்கே ஒரு பிரபுவின் மாளிகையும் அதைச் சூழ்ந்த பண்ணை நிலமும் காடும். இங்கே எஸ்டேட் என்றால் பால்மரம், லயம், பெரட்டு, கங்காணி, கிராணி, குன்றின்மேல் துரை பங்களா. அங்கே பருவத்துக்குப் பருவம் மக்கள் நடக்கப் போகிறார்கள். வசந்தத்தில் பூ, இலையுதிர் காலத்தில் நிறம் மாறும் மரங்கள், டிசம்பரில் அலங்கரித்த கூடங்கள். இங்கே அப்பாவின் தலைமுறை எஸ்டேட்டை விட்டு வெளியே வந்தபின் திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த இரண்டு எஸ்டேட்டுகளும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. அந்த நாட்டில் பழைய மாளிகைகளையும் நிலங்களையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் 1895இல் தொடங்கப்பட்டது. அந்த அமைப்பே 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் பொறுப்பில் உள்ள இடங்களில் 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை வாணிபத்தோடும் தொடர்பு உண்டு என்று அதில் ஒப்புக்கொண்டது. அதை வெளியிட்டதற்காக அந்நாட்டிலேயே பலரிடம் திட்டும் வாங்கியது. மாளிகையின் அழகை மட்டும் சொன்னால் போதாதா, பணம் எங்கிருந்து வந்தது என்று ஏன் கிளற வேண்டும் என்பது எதிர்த்தவர்களின் வாதம்.

என் கவனத்தை ஈர்த்தது அவர்கள் பராமரிக்கும் இன்னோர் இடம். வேல்ஸ் நாட்டில் ரெக்ஸம் நகருக்குப் பக்கத்தில் எர்டிக் என்ற மாளிகை இருக்கிறது. யோர்க் குடும்பத்தின் சொத்தாக இருந்து 1973இல் டிரஸ்ட்டின் கைக்கு வந்தது. அந்தக் குடும்பத்துக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. 18ஆம் நூற்றாண்டிலிருந்தே தங்கள் வேலைக்காரர்களை ஓவியமாக வரைந்து, பிறகு புகைப்படமாக எடுத்து, அவர்களைப் பற்றிப் பாட்டும் எழுதி, சுவரில் மாட்டி வைத்தார்கள். தச்சன், காவல்காரன், சமையற்காரி எல்லாருக்கும் முகமும் பெயரும் இருக்கின்றன. மக்கள் பார்வைக்குத் திறந்தபோது வருகிறவர்களை முன்வாசல் வழியாக விடாமல், பட்டறைகளும் குதிரை லாயமும் உள்ள வேலைக்காரர் பக்கமாக உள்ளே அழைத்தார்கள். முதலில் உழைத்தவர்களின் இடம், அதற்குப் பிறகுதான் முதலாளியின் கூடம்.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். நம் தோட்டங்களுக்கு ஏன் இப்படி ஒரு நடை இல்லை?

நான் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கொமுட்டர் ரயிலில் போய்ப் படிக்கிறவன். ஷா ஆலாம், பத்து தீகா, சுபாங் ஜெயா என்று நிலையங்கள் வரும். இந்த வழியில் சன்னலுக்கு வெளியே தெரிகிற நிலத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும்தான். இன்று மரம் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் நம் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில். ஷா ஆலாமில் மிட்லண்ட்ஸ், பண்டார் உத்தாமாவில் எஃபிங்ஹாம், பூச்சோங்கில் காசல்ஃபீல்ட், கிள்ளானில் ஹைலண்ட்ஸ், கோலாலம்பூரில் எடின்பர்க். துரைமார் தங்கள் ஊர் ஞாபகத்தில் வைத்த பெயர்களைத் தாங்கி நிற்பது தமிழ்ப்பள்ளி. ஸ்காட்லாந்தின் தலைநகரத்தின் பெயரில் கோலாலம்பூரில் ஏன் ஒரு தமிழ்ப்பள்ளி என்று அங்கே படித்த மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேரால் சொல்ல முடியும்?

நேர்மாறாக ஒரு பெயரும் உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்பு அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. மலாயாவில் செம்பனை வணிக அளவில் முதன்முதலாக நடப்பட்டது அங்கேதான், 1917இல். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இந்த மண்ணில் வாழ்ந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் உயர்ந்த இலக்கியப் பரிசான கோன்கூர் கிடைத்தது. இன்று உலகத்துக்கே பாமாயில் விற்கும் ஒரு நாட்டின் கதை தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு தோட்டத்தில் தொடங்குகிறது. வரலாற்றுப் பாடத்தில் 1917 என்ற ஆண்டைப் படித்தேன். தோட்டத்தின் பெயர் தமிழ் என்பதை யாரும் நின்று சொன்னதில்லை.

எஸ்டேட்டைச் சுற்றிப் பார்ப்பது என்றதும் இந்த நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது பேராக்கில் பத்து காஜாவுக்குப் பக்கத்தில் உள்ள கெல்லி கோட்டை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கிய மாளிகை. கட்டடத் தொழிலாளர்கள் 70 பேர் மதராஸிலிருந்து வந்தார்கள். ஸ்பானியக் காய்ச்சல் அந்தத் தோட்டத்தையும் தாக்கிப் பலரைக் கொண்டுபோனது. தொழிலாளர்கள் ஒரு மாரியம்மன் கோவில் வேண்டும் என்று கேட்டார்கள், துரை கட்டிக் கொடுத்தார். 1926இல் அவர் லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்தார். வீடு முடியாமலே நின்றுவிட்டது.

போன ஆண்டு விடுமுறையில் நண்பர்களோடு போயிருந்தேன். அழகான இடம்தான், மறுக்கவில்லை. கோபுரத்தில் மின்தூக்கிக்காக விட்ட வெற்றுக் குழியை எட்டிப் பார்த்தோம், படம் எடுத்தோம். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் பேயைத் தேடினார்கள், மீதிப் பேர் வெளிச்சம் விழும் வளைவைத் தேடினார்கள். நாங்கள் அங்கிருந்து மாரியம்மன் கோவிலுக்குப் போனோம். கோவிலின் சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஓர் உருவம் நிற்கிறது. அதுதான் கெல்லி துரை என்கிறார்கள். கோட்டையில் பார்த்த எல்லாவற்றையும்விட அந்தச் சிலைதான் என்னை நிறுத்தி வைத்தது. கோவில் கட்டித் தந்தவரைச் சாமிகளோடு நிறுத்திய மனிதர்கள் யார்? நன்றியில் செய்தார்களா, கொஞ்சம் குறும்பும் கலந்திருந்ததா? காய்ச்சலில் போனவர்களை எங்கே புதைத்தார்கள்? கோவிலில் நாங்கள் நின்ற அரை மணி நேரத்தில் கோட்டையிலிருந்து வேறு யாரும் அங்கே வரவில்லை.

மாளிகையை இடிக்க வேண்டாம், பங்களாக்களைப் பூட்ட வேண்டாம். நடை எங்கே தொடங்குகிறது என்பதுதான் என் பிரச்சினை. பங்களாவிலிருந்து தொடங்கினால் தோட்டம் ஒரு பச்சைக் காட்சியாகத் தெரியும். பெரட்டுக் களத்திலிருந்து தொடங்கினால் அது ஒரு வேலைத்தலமாகத் தெரியும்.

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, ஆளுக்கு ஒரு நிரையாக நானூறு, ஐந்நூறு மரங்களை வாங்கிக்கொண்டு இருட்டிலேயே உள்ளே போனார்கள். ஏன் இருட்டில்? குளிர்ச்சியான நேரத்தில் மரத்துக்குள் நீர் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் அழுத்தம் குறைந்துவிடும். வெட்டு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சாய்வாக இருக்கிறது? பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் நேராக ஏறாமல் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. அந்தச் சாய்வுக்குக் குறுக்கே போகும் வெட்டு கூடுதலான குழாய்களைத் திறக்கிறது. உளி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், கிராணியிடம் ஏச்சு. மேலோட்டமாகப் போனால் மங்கு நிறையாது. எஸ்டிபிஎம் உயிரியல் படிக்கிறவர்களே, பாடநூல் பக்கங்களில் மனப்பாடம் செய்வதைப் பள்ளிக்கூடம் பார்க்காத ஒரு பெண் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு மரத்துக்குச் சில நொடிகள் என்ற கணக்கில் செய்துகொண்டிருந்தார். மழை பெய்து பட்டை நனைந்தால் அன்று வெட்டு இல்லை, கூலியும் இல்லை.

கிள்ளான் வட்டாரத் தோட்டச் சாலைகளில் நடக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு செய்தி இருக்கிறது. 1941இல் இங்கே தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர்.எச். நாதன் அதில் முன்னணியில் இருந்தார். கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது, பிள்ளைகளுக்குத் தகுதியான ஆசிரியர்கள் இருந்தது, கள்ளுக்கடையை மூடு என்பது இருந்தது, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்து என்பது இருந்தது. அவற்றோடு இன்னொன்று: துரையைக் கண்டால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். மே மாதம் நாதன் கைதானார், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

சம்பளத்துக்காகப் போராடுவதை யாரும் புரிந்துகொள்வார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடி போவதற்காக ஒருவர் வேலையைப் பணயம் வைத்தார் என்பதை வகுப்பறையில் படித்தால் ஒரு வரி. அதே செம்மண் சாலையில், அதே வளைவில் நின்று கேட்டால் அது வேறு. நம்மில் யாராவது ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், அந்தச் சாலையில் இறங்காமல் ஓட்டிப் பார்க்கலாம்.

பருவத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு, இங்கே வெயிலும் மழையும்தானே என்று கேட்பீர்கள். பால்மரத்துக்குப் பருவம் உண்டு. பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலைகள் மஞ்சளாகிச் சிவந்து கொட்டும். மரங்கள் மொட்டையாக நிற்கும், பால் குறையும், பின் செம்பு நிறத்தில் புதுத் தளிர் வரும். அதற்குச் சில மாதங்கள் கழித்துக் காய்கள் முற்றி, வெயிலில் பட்டென்று வெடித்து விதைகள் தெறிக்கும். விதையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி, பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அலற வைப்பது தோட்டத்துப் பிள்ளைகளின் தலையாய விளையாட்டு. அப்பா இதை இன்றும் செய்து காட்டுவார், விதைதான் கிடைப்பதில்லை. சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இருந்த நிலத்தில் இன்று குவாசா டாமன்சாரா எழுகிறது, அந்தப் பெயரில் எம்ஆர்டி நிலையமே வந்துவிட்டது.

நமக்கென்று இன்னொரு பருவமும் இருக்கிறது. அது திருவிழா. பங்குனி தொடங்கி ஆடி வரை, கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியேறிவிட்ட குடும்பங்கள் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் பழைய தோட்டத்துக் கோவிலுக்குத் திரும்புகின்றன. எங்கள் குடும்பமும் போகும். லயங்கள் இருந்த இடம் முழுக்கச் செம்பனை, நடுவில் கோவில் மட்டும் புது வண்ணத்தோடு நிற்கும். பால்குடம், அன்னதானம், பழைய அக்கம்பக்கத்தாரின் நலம் விசாரிப்பு. நான்கு மணிக்கெல்லாம் கார்கள் கிளம்பிவிடும். ஆக, பருவகால எஸ்டேட் பயணம் நமக்குப் புதிதே இல்லை. ஆண்டுதோறும் போகிறோம், கோவிலைச் சுற்றுகிறோம். தோட்டத்தைத்தான் சுற்றுவதில்லை.

இதை வீட்டில் சொன்னபோது அப்பா எதிர்த்தார். 17 வயதில் தோட்டத்தை விட்டு ஷா ஆலாம் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர் அவர். "நாங்க பட்ட கஷ்டத்த எதுக்குடா நாலு பேருக்குச் சுத்திக் காட்டணும்? அங்கிருந்து வெளிய வரத்தானே உங்களப் படிக்க வெச்சோம்?" என்றார். இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. தோட்ட வாழ்க்கையைப் பற்றி இனிக்க இனிக்கப் பேசும் கூட்டம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஒற்றுமையாக இருந்தோம், கதவைப் பூட்டாமல் தூங்கினோம் என்பார்கள். பொதுக் குழாயில் வரிசை நின்றதும், வேலை போனால் அதோடு வீடும் போனதும் அந்தக் கதையில் வராது. அப்பா வெறுப்பது அந்த இனிப்பைத்தான் என்று நினைக்கிறேன். அது நியாயமான வெறுப்பு.

ஆனால் நாம் சொல்லாமல் விட்டால் கதை சொல்லப்படாமல் போய்விடாது, வேறு யாராவது சொல்வார்கள். பழைய துரை பங்களாக்கள் தங்கும் விடுதிகளாக மாறி, மாலைத் தேநீரும் பிரம்பு நாற்காலியும் 'பழைய மலாயா' என்று விற்கப்படுவதைப் பார்க்கிறோம். லயம் பலகைக் கட்டடம், கறையான் தின்றுவிடும். பங்களா செங்கல், நிற்கும். இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து எஸ்டேட் என்றால் நம் பிள்ளைகளுக்கும் அந்தத் தேநீர்தான் தெரியும்.

நகரத்திலும் இதே கதைதான் நடந்தது. பிரிக்பீல்ட்ஸில் நடைச் சுற்றுலா போகிறவர்கள் 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமத்தின் முன் நின்று படம் எடுக்கிறார்கள். 2014இல் அங்கே உயர்மாடிக் கட்டடம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்ததால்தான் அது அப்படியே நிற்கிறது. அதே வட்டாரத்தில் ரொசாரியோ சாலைப் பக்கம் ரயில்வே தொழிலாளர்கள் வாழ்ந்த 'நூறு குவாட்டர்ஸ்' இன்று இல்லை. ஆசிரமத்துக்காகச் சேர்ந்த கூட்டம் குவாட்டர்ஸுக்குச் சேரவில்லை. பிரிக்பீல்ட்ஸின் பெரிய சாலைக்குப் பெயர் துன் சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்கலாம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். அந்தச் சாலையில் தினமும் வாழை இலைச் சாப்பாட்டுக்கு வரிசை நிற்கிறோம்.

நடைக்குக் கிளம்பும் முன் ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மிச்சமிருக்கும் தோட்டக் குடியிருப்புகள் பல இடங்களில் காலி இல்லை. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். எங்கள் பழைய லயத்துக்குப் பதிலாக எழுந்த குடியிருப்பின் வாசலில் ஓர் இளைஞர் மாலையில் வீட்டோடு காணொளியில் பேசிக்கொண்டிருந்ததைப் போன திருவிழாவில் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். என் கொள்ளுத்தாத்தா கடிதம் எழுதத் தெரிந்தவரைத் தேடிப் போய் ஊருக்குச் செய்தி எழுதச் சொல்வாராம். அந்த இளைஞரின் துணிக்கொடியைப் 'பாரம்பரியம்' என்று படம் எடுக்க நமக்கு உரிமை இல்லை. முடிந்தால் அவரையும் நடையில் சேர்த்துக்கொள்ளலாம். தோட்டத்தில் இப்போது கூலி எப்படி, வீடு எப்படி என்று சொல்லக்கூடியவர் அவர்தான்.

பட்டப்படிப்புக் குழுக்களும் இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழகங்களும் இதை அடுத்த திருவிழாவிலேயே தொடங்கலாம். பேருந்து ஏற்கெனவே வருகிறது, ஆட்கள் ஏற்கெனவே கூடுகிறார்கள். அன்னதானத்துக்கு முன் ஒன்றரை மணி நேரம் போதும். பெரட்டுக் களம் எங்கே இருந்தது, ஆயாக் கொட்டகை எது, பள்ளிக்கூடம் எது, கள்ளுக்கடை எது, இடுகாடு எது என்று காட்டத் தெரிந்தவர்கள் எழுபது, எண்பது வயதில் கோவில் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் நடக்கட்டும், பேசட்டும். நாம் குறிப்பெடுத்து, கைப்பேசியில் குரலைப் பதிந்து, ஒவ்வோர் இடத்தையும் வரைபடத்தில் குறிப்போம். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களின் பெயர்களை வீட்டுவாரியாகக் கேட்டு எழுதுங்கள். திரும்பாதவர்களின் பட்டியல் பல தோட்டங்களில் இந்தப் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. சொல்ல விரும்பாததைக் கிளற வேண்டாம். என் பாட்டி சில கேள்விகளுக்கு "அத வுடு" என்பார். அதோடு நிறுத்திவிடுவேன்.

காவல் சாவடியில் தகராறு வராமல் இருக்க, தோட்ட நிர்வாகத்துக்கு முன்கூட்டியே மலாயில் ஒரு கடிதம் எழுதுங்கள். தேதி, நேரம், எத்தனை பேர், எந்தப் பாதை என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். பழக்குலை ஏற்றும் லாரிகள் ஓடும் சாலை எது என்று கேட்டு, அதைத் தவிர்த்துவிடுங்கள். முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் போடுங்கள், பாம்பும் உண்டு அட்டையும் உண்டு. கடிதத்தின் ஒரு பிரதியை மறக்காமல் கோவில் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தின் சாவி பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும்.